ஆயர் இல்லாமல் எத்தனை நாள்? பழைய பூசைக்காகப் பிரிந்தவர்களின் கதை

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால், வேலை நிமித்தமாக மூன்று மாதம் பாரிஸில் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சும்மா நடந்துகொண்டிருந்தபோது, மொபேர் மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கோவிலுக்குள்ளிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. உள்ளே போய்க் கடைசி வரிசையில் நின்றேன். சாமியார் பீடத்தைப் பார்த்து நின்றிருந்தார், முதுகு எங்கள் பக்கம். பூசை முழுக்க லத்தீன். பெண்கள் பலர் முக்காடு போட்டிருந்தார்கள், நம்ம ஊர்க் கோவில் மாதிரியே. நாலைந்து பிள்ளைகளோடு வந்திருந்த இளம் குடும்பங்கள் நிறைய. அதற்கு முந்தைய வாரங்களில் நான் போன மற்ற கோவில்களில் பாதி பெஞ்சு காலியாகத்தான் கிடந்தது.

ராத்திரி அம்மாவிடம் போனில் சொன்னேன். "அது பழைய பூசைடா. உங்க பாட்டி இருந்திருந்தா அழுதிருப்பாங்க" என்றார். பாட்டிக்கு எழுதப் படிக்க வராது, ஆனால் லத்தீன் பூசைக்கான பதில்கள் எல்லாம் மனப்பாடம். பாப்பரசர் ஆறாம் பவுலை அவர் கடைசிவரை "ஆறாம் சின்னப்பர்" என்றுதான் சொல்வார்.

அந்தக் கோவிலின் பெயர் சேன் நிக்கொலா தியு ஷார்தொனே. அது பாரிஸ் பேராயரின் கட்டுப்பாட்டில் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. 1977 பிப்ரவரி 27 அன்று, பழைய பூசை வேண்டும் என்ற ஒரு கூட்டம் துக்கோ-பூர்ஜே என்ற வயதான சாமியார் தலைமையில் உள்ளே புகுந்தது. வெளியேறச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. போலீஸ் அதை நிறைவேற்றவே இல்லை. இன்றுவரை அவர்கள்தான் அங்கே இருக்கிறார்கள்.

இந்த விஷயத்தைத் தோண்ட எனக்கு வேறொரு காரணமும் உண்டு. எங்கள் உறவில் ஒரு பெரியப்பா வீடு இந்தப் பழைய பூசைக் குழுவோடு போய்விட்டது. 2000-களில் அவருடைய மூத்த மகள் கல்யாணத்தை அந்தக் குழுவின் சாமியார்தான் நடத்திவைத்தார். "அந்தக் கல்யாணம் திருச்சபை சட்டப்படி செல்லாது" என்று எங்கள் பங்கில் பேச்சு வந்தது. சொந்தத்தில் பாதிப் பேர் போகவில்லை. அம்மா பூசைக்குப் போகாமல் சாப்பாட்டுக்கு மட்டும் போய்வந்தார். அதே சாமியார் வைத்த பூசை செல்லும், ஆனால் அவர் நடத்திவைத்த கல்யாணம் செல்லாது என்றார்கள். இது என்ன லாஜிக் என்று எனக்கு அப்போது புரியவே இல்லை.

நான் இறையியல் படித்தவன் இல்லை, பி.ஈ. படித்துவிட்டு இருபது வருடமாகக் கோடு எழுதுகிறவன். தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

இது மொழிச் சண்டையா?

இந்தப் பிரிவை எல்லோரும் லத்தீனா தாய்மொழியா என்ற சண்டையாகத்தான் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது பாதிதான் சரி.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாடு பற்றிய ஏட்டை 1963 டிசம்பர் 4 அன்று நிறைவேற்றியது. ஆதரவு 2147, எதிர்ப்பு வெறும் 4. அந்த ஏடு லத்தீனை ஒழிக்கச் சொல்லவில்லை. லத்தீன் நீடிக்கட்டும், மக்கள் மொழிக்கும் இடம் கொடுக்கலாம் என்றுதான் சொன்னது. பிற்பாடு புதிய முறைக்கு எதிராக நின்ற பேராயர் மார்செல் லெபெவ்ரும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். 1969-ல் ஆறாம் பவுல் அறிவித்த புதிய பூசைப் புத்தகத்தின் மூலமும் லத்தீன்தான். இன்றைக்கும் அதை லத்தீனில் நிறைவேற்றத் தடை இல்லை.

அப்படியானால் மாறியது என்ன? பூசையின் கட்டுமானம் மாறியது. காணிக்கைச் செபங்கள் புதிதாக எழுதப்பட்டன. மையச் செபம் ஒன்றாக இருந்தது நான்காகியது. வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சிக்கு வந்தன, திருநாள் நாட்காட்டி மாறியது. 1570-ல் ஐந்தாம் பயஸ் வெளியிட்ட புத்தகம் சின்னச் சின்னத் திருத்தங்களோடு நானூறு வருடம் ஓடியது. அதன் கடைசிப் பதிப்பு 1962. "பழைய பூசை" என்று இவர்கள் சொல்வது அந்த 1962 பதிப்பைத்தான்.

பூசையை விடப் பெரிய சிக்கல் வேறு ஏடுகளில் இருந்தது. மத சுதந்திரம் பற்றிய ஏடு 1965 டிசம்பர் 7 அன்று நிறைவேறியது. ஒருவர் தன் மனச்சாட்சிப்படி எந்த மதத்தைப் பின்பற்றினாலும் அரசு அவரை வற்புறுத்தக் கூடாது என்பது அதன் சாரம். நமக்கு இது சாதாரணமாகத் தெரியும். ஆனால் 19-ஆம் நூற்றாண்டுப் பாப்பரசர்கள் இதற்கு எதிராகக் கண்டிப்பாக எழுதியிருந்தார்கள். லெபெவ்ரின் கேள்வி ரொம்ப நேரடியானது. நேற்றுவரை தப்பு என்று ரோம் சொன்னதை இன்று சரி என்று ரோமே சொன்னால், நான் எந்த ரோமுக்குக் கீழ்ப்படிவது?

பாப்பரசரின் அதிகாரத்தை வேறு யாரையும் விட அதிகமாக நம்புகிறவர்கள் பாப்பரசருக்குக் கீழ்ப்படிய மறுத்தார்கள். மொத்தக் கதையும் இந்த முரணில்தான் நிற்கிறது.

செல்லும், ஆனால் சட்டப்படி தப்பு

மேலே போவதற்கு முன், பெரியப்பா வீட்டுக் கல்யாண லாஜிக்கைப் பார்த்துவிடலாம். கத்தோலிக்கச் சட்டத்தில் ஒரு அருட்சாதனத்தைப் பற்றி இரண்டு கேள்விகள் உண்டு. அது நடந்ததா? அதைச் செய்ய அனுமதி இருந்ததா?

லைசென்ஸ் இல்லாமல் பஸ் ஓட்டுகிற டிரைவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுவது குற்றம். ஆனாலும் பஸ் ஓடும், பயணிகள் ஊர் போய்ச் சேருவார்கள். குருப்பட்டம் முறையாகப் பெற்ற ஒருவர் அனுமதி இல்லாமல் பூசை வைத்தால் அது இந்த மாதிரி. தப்புதான், ஆனாலும் அது பூசைதான். ஆயர் ஒருவர் ரோமின் அனுமதி இல்லாமல் இன்னொருவரை ஆயராக அபிஷேகம் செய்தாலும் இதே கதை. பெரிய குற்றம், ஆனால் அபிஷேகம் பெற்றவர் உண்மையிலேயே ஆயர்.

பாவசங்கீர்த்தனமும் திருமணமும் அப்படி இல்லை. அவை பத்திரப்பதிவு மாதிரி. பதிவு செய்கிறவர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும், சார்பதிவாளராக நியமிக்கப்படாதவர் என்றால் பதிவே செல்லாது. அந்த இரண்டுக்கும் ஆயரிடமிருந்து வருகிற அதிகாரம் தேவை. அதனால்தான் பெரியப்பா மகள் கல்யாணத்தில் பூசை செல்லும், கல்யாணம் செல்லாது என்றார்கள்.

இதிலிருந்து இன்னொன்று தெரிகிறது. ரோமோடு முரண்பட்டுப் பிரிகிற குழுவுக்கு ஒரே ஒரு ஆயர் இருந்தால் போதும். அவர் குருக்களை உருவாக்கலாம், புதிய ஆயர்களையும் உருவாக்கலாம். சங்கிலி அறாது. ஆயர் இல்லையென்றால் கடைசிச் சாமியார் சாகும்போது எல்லாம் முடிந்துவிடும். எங்கள் தொழிலில் ஒரு மென்பொருளைப் பிரித்துத் தனியாகக் கொண்டுபோவதை 'ஃபோர்க்' என்போம். அதற்குக் கோடை நகல் எடுத்தால் போதும். இங்கே நகல் எடுக்க முடியாத ஒன்று இருக்கிறது, ஆயரின் கை.

லெபெவ்ருக்கு முன்னால் இந்தக் கட்டத்தில் வந்து நின்ற இரண்டு குழுக்களின் முடிவு நேர் எதிராக இருந்தது.

உட்ரெக்ட்டும் கூர்லேயும்

முதலாவது நெதர்லாந்தின் உட்ரெக்ட். ரோமோடு நீண்ட தகராறுக்குப் பிறகு, 1723-ல் அங்கிருந்த குருக்கள் குழு ரோமைக் கேட்காமல் கொர்னேலியுஸ் ஸ்டேனோவன் என்பவரைப் பேராயராகத் தேர்ந்தெடுத்தது. அடுத்த வருடம் வார்லே என்ற பிரெஞ்சு ஆயர் அவருக்கு அபிஷேகம் செய்தார். சங்கிலி கிடைத்துவிட்டது. 1870-ல் முதலாம் வத்திக்கான் சங்கம் பாப்பரசரின் தவறா வரத்தை அறிவித்தபோது, இது புதுமை, பழைய விசுவாசத்தில் இல்லாதது என்று ஜெர்மனி, சுவிட்சர்லாந்து பக்கம் பலர் எதிர்த்தார்கள். ஜெர்மன்காரர்கள் உட்ரெக்ட் வழி வந்த ஆயரிடமே அபிஷேகம் வாங்கிக்கொண்டார்கள். தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் 'பழைய கத்தோலிக்கர்'.

அந்தப் பழைய கத்தோலிக்கர் இன்று எங்கே இருக்கிறார்கள்? குருக்கள் கல்யாணம் செய்யலாம். 1931-லேயே ஆங்கிலிகன் சபையோடு முழு உறவு. ஜெர்மனியில் 1996 முதல் பெண்களுக்கும் குருப்பட்டம். நல்லதா கெட்டதா என்று நான் சொல்ல வரவில்லை. புதுமை வேண்டாம் என்று கிளம்பியவர்கள், கையில் ஆயர் இருந்ததால், தனித் திருச்சபையாகித் தங்கள் வழியில் போய்விட்டார்கள்.

இரண்டாவது குழு பிரான்ஸில். 1801-ல் நெப்போலியனும் ஏழாம் பயஸும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். புரட்சியின்போது அடி உதை பட்டும் விசுவாசமாக இருந்த ஆயர்கள் எல்லோரையும் ராஜினாமா செய்யச் சொன்னார் பாப்பரசர். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மறுத்துவிட்டார்கள். அவர்கள் பின்னால் நின்ற மக்களைத்தான் 'சின்னத் திருச்சபை' என்கிறார்கள். இவர்களுக்கு அப்போது ஆயர்கள் தாராளமாக இருந்தார்கள். ஆனால் ஒருவர்கூட அடுத்த தலைமுறைக்கு ஆயரை அபிஷேகம் செய்யவில்லை. கடைசியாக எஞ்சியிருந்த ப்ளுவா ஆயர் தெமீன் 1829-ல் இறந்தார். சில பத்தாண்டுகளில் சாமியார்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள்.

ஆனால் மக்கள் கலையவில்லை! மேற்கு பிரான்ஸில் கூர்லே என்ற ஊரைச் சுற்றியும், லியோன் நகரிலும் அந்தக் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. பீடம் இருக்கிறது, பூசை இல்லை. ஞாயிறு காலையில் கூடிப் பூசைச் செபங்களைத் தாங்களே வாசிக்கிறார்கள். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் பொதுநிலையினரே கொடுக்கிறார்கள், அதற்குச் சாமியார் கட்டாயமில்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நற்கருணை இல்லை. இதை முதலில் படித்தபோது ஒரு நிமிடம் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

ஆக, ஆயரை உருவாக்கினால் உட்ரெக்ட், உருவாக்காவிட்டால் கூர்லே. 1980-களில் லெபெவ்ர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நின்றார்.

லெபெவ்ர் எப்படி அங்கே வந்தார்

1905-ல் பிரான்ஸின் தூர்க்குவேன் ஊரில் பிறந்தவர். அப்பா ரெனே நாஜி எதிர்ப்பு இயக்கத்தில் இருந்து, 1944-ல் ஜெர்மன் சிறைமுகாமில் இறந்தார். மகன் ஆப்பிரிக்காவின் காபோனில் மறைப்பணி செய்தார். 1948-ல் பிரெஞ்சு ஆப்பிரிக்கா முழுவதற்கும் பாப்பரசரின் பிரதிநிதி. 1955-ல் டக்காரின் முதல் பேராயர். 1962-ல் அந்தப் பதவியை அடுத்து ஏற்றவர் தியாந்தூம் என்ற செனெகல்காரர். அமைப்புக்கு வெளியே நின்று கத்துகிற ஆள் இல்லை லெபெவ்ர். அமைப்பின் உச்சியில் இருந்தவர், சங்கத்தின் தயாரிப்புக் குழுவிலேயே இடம்பெற்றவர்.

1970 நவம்பர் 1 அன்று, சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபூர்க் ஆயர் ஷாரியேரின் முறையான அனுமதியோடுதான் 'புனித பத்தாம் பயஸ் குருக்கள் சபை' தொடங்கியது. நம் பழைய புத்தகங்களில் பயஸ் என்ற பெயர் பத்திநாதர் என்று வரும், அந்தப் பத்தாம் பத்திநாதரேதான். அனுமதி ஆறு வருடச் சோதனைக்கு. எக்கோன் என்ற இடத்தில் குருமடம் வைத்தார்கள். மற்ற குருமடங்கள் காலியாகிக்கொண்டிருந்த காலத்தில் எக்கோனுக்கு இளைஞர்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

1974-ல் ரோமிலிருந்து விசாரணைக்கு ஆள் வந்தது. அந்த நவம்பரில் லெபெவ்ர் சங்கத்தின் சீர்திருத்தங்களை ஏற்கமாட்டேன் என்று கடுமையான அறிக்கை விட்டார். 1975 மே மாதம் சபையின் அனுமதி ரத்து. 1976 ஜூன் 29 அன்று தடையை மீறிக் குருப்பட்டம் கொடுத்தார். அடுத்த மாதமே இனி எந்த அருட்சாதனமும் நிறைவேற்றக் கூடாது என்று அவருக்குத் தடை வந்தது. ஆகஸ்டில் அவர் லில் நகரில் வைத்த பூசைக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம். செப்டம்பரில் ஆறாம் பவுலை நேரில் சந்தித்தார். ஒன்றும் நடக்கவில்லை.

இதே காலத்தில் இங்கிலாந்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. 1971-ல் எழுத்தாளர்களும் இசைக் கலைஞர்களும் பழைய பூசையை ஒழித்துவிடாதீர்கள் என்று ஒரு மனு அனுப்பினார்கள். கையெழுத்துப் போட்டவர்களில் அகதா கிறிஸ்டியும் இருந்தார், அவர் கத்தோலிக்கர்கூட இல்லை. ஆறாம் பவுல் இங்கிலாந்துக்கு மட்டும் ஓரளவு அனுமதி கொடுத்தார். அதற்கு இன்றும் 'அகதா கிறிஸ்டி சலுகை' என்று பட்டப்பெயர். லெபெவ்ருக்கு இல்லை என்றதை அந்த மனுவுக்குக் கொடுத்ததில் ஒரு தர்க்கம் இருக்கிறது. மனு போட்டவர்கள் பூசையை மட்டும் கேட்டார்கள். லெபெவ்ர் சங்கமே தவறு என்று ஒத்துக்கொள்ளச் சொன்னார்.

1988

1986 அக்டோபரில் இரண்டாம் ஜான் பால் எல்லா மதத் தலைவர்களையும் அசிசி நகருக்கு அழைத்துச் செபித்தார். லெபெவ்ருக்கு அது கடைசி அடி. வயது எண்பதைத் தாண்டிவிட்டது. நான் செத்தால் எக்கோனில் படிக்கும் பையன்களுக்கு யார் குருப்பட்டம் கொடுப்பார் என்பதுதான் இப்போது அவர் கேள்வி. கூர்லேயின் பயம்.

ரோமுக்கும் விஷயம் புரிந்தே இருந்தது. பேச்சுவார்த்தையை நடத்தியவர் கர்தினால் ராட்சிங்கர், பிற்காலத்தில் பதினாறாம் பெனடிக்ட். 1988 மே 5 அன்று இருவரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். சபைக்கு அங்கீகாரம், பழைய பூசைக்கு அனுமதி, சபையிலிருந்தே ஒரு ஆயர். கேட்டதில் பெரும்பகுதி கிடைத்துவிட்டது. மறுநாள் காலையிலேயே லெபெவ்ர் பின்வாங்கிக் கடிதம் எழுதினார். ஆயர் அபிஷேகத்துக்கு ஜூன் 30 என்று தேதி வேண்டும் என்றார். ரோம் ஆகஸ்ட் 15 வரை வந்தது. ஒருவர் போதாது என்றும் அவர் நினைத்தார். தேதி ஆறேழு வாரம் தள்ளியிருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும் என்று எனக்கும் தோன்றியது. அவர் ரோமின் வார்த்தையை நம்பவில்லை, அவ்வளவுதான். நம்பிக்கை போன பிறகு தேதியெல்லாம் சாக்குதான்.

ஜூன் 30 அன்று எக்கோனில் நான்கு பேருக்கு ஆயர் அபிஷேகம் செய்தார்: ஃபெலே, திசியே தெ மலேரே, வில்லியம்சன், தெ கலரேத்தா. உடன் நின்றவர் பிரேசிலின் காம்போஸ் மறைமாவட்ட முன்னாள் ஆயர் காஸ்ட்ரோ மேயர். மறுநாளே ஆறு பேரும் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டதாக ஆணை வந்தது. அதில் கையெழுத்திட்ட கர்தினால் காந்தென், மேற்கு ஆப்பிரிக்காவின் பெனினைச் சேர்ந்தவர். லெபெவ்ர் ஒரு காலத்தில் பாப்பரசரின் பிரதிநிதியாக இருந்த அதே நிலப்பரப்பிலிருந்து வந்தவர்.

ஒரு விஷயத்தில் மட்டும் லெபெவ்ர் உட்ரெக்ட்டிலிருந்து விலகி நின்றார். அந்த நான்கு ஆயர்களுக்கும் மறைமாவட்டம் எதுவும் கொடுக்கவில்லை. இவர்கள் குருப்பட்டம் கொடுக்கவும் உறுதிபூசுதல் கொடுக்கவும் மட்டும்தான், ஆட்சி செய்ய அல்ல என்றார். பூசையில் பாப்பரசரின் பெயர் சொல்லிச் செபிப்பதையும் நிறுத்தவில்லை. அந்தக் கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் அப்போதே இருந்தது. வியட்நாம் அதிபராக இருந்து கொல்லப்பட்ட ங்கோ தின் தியெமின் அண்ணன் தூக் ஒரு பேராயர். அவர் 1976-ல் ஸ்பெயினின் பல்மார் தெ த்ரோயா என்ற ஊரில், காட்சி கண்டதாகச் சொன்ன ஒரு குழுவுக்கு ஆயர் அபிஷேகம் செய்துவைத்தார். தூக் பின்னர் ரோமோடு சமாதானமாகிவிட்டார். ஆனால் கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாதே. 1978-ல் அந்தக் குழுவின் தலைவர் தானே பாப்பரசர் என்று அறிவித்துக்கொண்டார்.

மூன்று வழி

1988-க்குப் பிறகு பழைய பூசைக்காரர்கள் ஒரே கூட்டமாக இல்லை. மூன்று வழிகளில் போனார்கள்.

முதல் வழி, உடனே திரும்பியவர்கள். அபிஷேகம் நடந்த மூன்றே வாரத்தில் லெபெவ்ரின் குருக்கள் ஒரு டஜன் பேர் பிரிந்து 'புனித பேதுரு குருக்கள் சபை'யைத் தொடங்கினார்கள். பழைய பூசையும் உண்டு, ரோமின் அங்கீகாரமும் உண்டு. ஆனால் சொந்தமாக ஆயர் கிடையாது. குருப்பட்டத்துக்கு மற்ற ஆயர்களைத்தான் அழைக்க வேண்டும். அதாவது அவர்கள் வாழ்வு ரோமின் மனநிலையைப் பொறுத்தது. 2007-ல் பெனடிக்ட் பழைய பூசையைத் தாராளமாக அனுமதித்தார். 2021 ஜூலையில் பிரான்சிஸ் கடுமையாகச் சுருக்கினார். 2022-ல் இந்தச் சபைக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். பதினைந்து வருடத்துக்குள் விதி மூன்று முறை மாறியது.

இரண்டாவது, காம்போஸ். காஸ்ட்ரோ மேயர் 1991-ல் இறந்ததும், அவருடைய குருக்களுக்கு லெபெவ்ர் சபை ஆயர்கள் ஒரு ஆயரை அபிஷேகம் செய்து கொடுத்தார்கள். 2002-ல் அந்தக் குழு அப்படியே ரோமோடு சேர்ந்தது. அவர்களுக்கென்று தனி ஆட்சி அமைப்பு, ரோம் ஒப்புக்கொண்ட சொந்த ஆயர், பழைய பூசை. 1988-ல் லெபெவ்ர் நம்ப மறுத்தது இவர்களுக்கு நடந்திருக்கிறது. ஒரே ஒரு இடத்தில், சின்ன அளவில்.

மூன்றாவது, லெபெவ்ர் சபை. 1991-ல் அவர் இறந்த பிறகும் வளர்ந்தது. பாளையங்கோட்டையிலும் அதற்குக் குருக்கள் இல்லம் இருக்கிறது. 2009 ஜனவரியில் பெனடிக்ட் நான்கு ஆயர்கள் மீதிருந்த விலக்கை நீக்கினார். அதே வாரம், அவர்களில் ஒருவரான வில்லியம்சன் யூதப் படுகொலையை மறுத்துப் பேசிய சுவீடன் டிவி பேட்டி வெளிவந்தது. உலகம் முழுக்கக் கொந்தளிப்பு. 2012-ல் சபையே அவரை வெளியேற்றியது. 2015-ல் அவர் தனியாக இன்னொருவரை ஆயராக்கினார். சங்கிலி ஒரு தடவை கைக்கு வந்துவிட்டால் அது கிளைவிடும் என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி.

விலக்கு நீங்கிய பிறகும் சபைக்குச் சட்டப்பூர்வ அங்கீகாரம் கிடைக்கவில்லை. இறையியல் பேச்சுவார்த்தை 2012-ல் முறிந்தது. எதிர்பாராத இடத்திலிருந்து வந்தவர் பிரான்சிஸ்தான். பழைய பூசையைச் சுருக்கியவர் என்று பேர் வாங்கிய அதே பிரான்சிஸ், 2015-ல் இவர்களின் குருக்களிடம் செய்யும் பாவசங்கீர்த்தனம் செல்லும் என்று அனுமதித்தார், 2016-ல் அதை நிரந்தரமாக்கினார். 2017-ல் திருமணத்துக்கும் வழி திறந்தார். முடிந்தால் மறைமாவட்டக் குரு ஒருவர் மணமக்களின் சம்மதத்தைப் பெறட்டும், பிறகு சபைக் குரு பூசை வைக்கட்டும். அது முடியாவிட்டால் சபைக் குருவுக்கே அதிகாரம் கொடுக்கலாம். கொள்கைச் சண்டை தீரும்வரை மக்கள் ஏன் தவிக்க வேண்டும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். எனக்கு அப்படித்தான் படுகிறது.

இப்போது

2025-ல் இதை எழுதும்போது, அந்த நான்கு ஆயர்களில் இருவர் இல்லை. திசியே தெ மலேரே 2024 அக்டோபரில் இறந்தார், வில்லியம்சன் 2025 ஜனவரியில். சபையில் மிஞ்சியிருப்பவர்கள் இரண்டு பேர், இருவருக்கும் வயது அறுபதுகளின் பிற்பகுதி. உலகம் முழுக்க இருக்கும் சிற்றாலயங்களுக்கு உறுதிபூசுதல், குருப்பட்டம் எல்லாம் அந்த இரண்டு பேர்தான். ரோமில் இப்போது பதினான்காம் லியோ. 1988-ன் கேள்வி அப்படியே திரும்பி வந்து வாசலில் நிற்கிறது. கேட்காமல் அபிஷேகம் செய்தால் உட்ரெக்ட்டை நோக்கி இன்னொரு அடி. சும்மா இருந்தால் கூர்லே. காம்போஸ் வழியில் போக இரண்டு தரப்பும் ஒன்றையொன்று நம்ப வேண்டும்.

இதில் யார் சரி என்று என்னால் தீர்ப்பு சொல்ல முடியாது. லெபெவ்ரின் அரசியல் கருத்துகள் பலவற்றை என்னால் ஏற்கவே முடியாது. அதே சமயம், பாட்டி மாதிரி ஆட்கள் மனப்பாடமாக வைத்திருந்த ஒன்றை இனி வேண்டாம் என்று சொன்னபோது, அவர்களிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்றும் தோன்றுகிறது. பாட்டி பிரிந்து போகவில்லை. தமிழ்ப் பூசைக்குப் பழகிக்கொண்டார், அது புரிகிறது என்று சந்தோஷமும் பட்டார். ஆனால் சாவுப்படுக்கையில் அவர் முணுமுணுத்தது லத்தீன் என்று அம்மா சொல்வார்.

பெரியப்பாவின் சின்ன மகள் கல்யாணம் 2019-ல் நடந்தது. முறைப்படி ஆயரிடம் எழுதிக் கேட்டார்கள், அனுமதி கிடைத்தது. பங்குச்சாமியார் வந்து மணமக்களின் சம்மதத்தைப் பெற்றார். பிறகு அவர் ஒதுங்கி உட்கார, சிற்றாலயத்துச் சாமியார் பழைய பூசை வைத்தார். சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அம்மா இந்தத் தடவை பூசைக்கும் போனார், முன்வரிசையில், முக்காட்டோடு. திரும்பி வரும்போது காரில், "பதில் எல்லாம் எனக்கும் இன்னும் ஞாபகம் இருக்குடா" என்றார்.